வேல்ஸின் இளவரசர்கள், புலவர்கள், பாதிரிகள்: யாரிடமிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: "ஆர்தர் ராஜா கதை தெரியும். ஓவைன் க்ளின்டூர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவற்றை விட்டால் இடைக்கால வேல்ஸில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் யார் யார்? அரசர், புலவர், மதகுரு என்று பிரித்துச் சொல்ல முடியுமா?"

பிரித்துச் சொல்லலாம். ஆனால் பிரித்தால் கதையின் உயிர் போய்விடும் என்பது என் கருத்து. வேல்ஸில் இந்த மூன்று கூட்டமும் ஒரே வீட்டுக்குள் புழங்கியவை. இளவரசனே கவிதை எழுதினான். இளவரசி ஒருத்தியின் பேரன் ஆயர் பதவி கேட்டு ரோமாபுரிக்கு நடையாய் நடந்தான். அரண்மனையில் புலவனுக்கு என்ன வேலை, என்ன மரியாதை என்பது சட்டப்புத்தகத்திலேயே இருந்தது. இளவரசர்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி புலவர்களும் பாதிரிகளும் எழுதி வைத்ததுதான். அவர்கள் எல்லாரும் யாரோ ஒருவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு எழுதியவர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

முதலில் பெயர். நடுவில் வரும் 'அப்' என்பதற்கு 'மகன்' என்று பொருள். லவெலின் அப் கிரிஃபித் என்றால் கிரிஃபித்தின் மகன் லவெலின். குடும்பப் பெயர் கிடையாது. லவெலின், கிரிஃபித், ஓவைன், ரீஸ், டாவித் என்று அதே சில பெயர்கள் தலைமுறைதோறும் திரும்பி வரும். குழப்பம் வந்தால் ஆண்டைப் பாருங்கள், தெளிந்துவிடும்.

அப்புறம் நாடு. வடமேற்கில் குவினெத், நடுவில் பொவிஸ், தென்மேற்கில் தெஹாய்பார்த் என்று மூன்று பெரிய அரசுகள். சுற்றிலும் சின்னச் சின்னப் பிரபுக்கள். தந்தை இறந்தால் மகன்கள் அனைவருக்கும் சமபங்கு என்பது வெல்ஷ் சட்டம். மணந்தவளுக்குப் பிறந்தவனா, இல்லையா என்பதே பேச்சில்லை. தந்தை தன் மகன் என்று ஏற்றுக்கொண்டால் போதும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ராஜ்ஜியம் என்று வரும்போது அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் கொன்றார்கள், கண்ணைப் பறித்தார்கள், ஆண்டுக்கணக்கில் சிறையில் போட்டார்கள். வேல்ஸ் முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆண்ட வெல்ஷ் மன்னர் ஒரே ஒருவர்தான்: கிரிஃபித் அப் லவெலின். 1063-ல் அவரை அவருடைய ஆட்களே கொன்றார்கள். தலை இங்கிலாந்தின் ஹெரால்டிடம் போய்ச் சேர்ந்தது. அதே ஹெரால்ட் மூன்று ஆண்டு கழித்து ஹேஸ்டிங்ஸ் போரில் செத்தார்; பிரான்சிலிருந்து நார்மன்கள் வந்தார்கள்.

வரிசைப்படி போவதானால் இவருக்கும் முன்னால் ஹவெல் தா. 'தா' என்றால் நல்லவர். 928-ல் ரோமாபுரிக்கு யாத்திரை போனார், சுமார் 950-ல் இறந்தார். அவர் பெயர் நிலைத்தது சட்டத்தால். நாடு முழுவதிலிருந்தும் பெரியவர்களைக் கூட்டி அவர் தொகுத்தார் என்று சட்டச் சுவடிகளே முகப்பில் சொல்கின்றன. நமக்குக் கிடைக்கும் சுவடிகள் 13-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் எழுதப்பட்டவை என்பதால் எது அவருடையது, எது பின்னால் சேர்ந்தது என்பது தனி வழக்கு. ஆனால் அலுப்புத் தட்டாத சட்டம். கண் திறக்காத பூனைக்குட்டிக்கு விலை ஒரு பென்னி. கண் திறந்துவிட்டால் இரண்டு. எலி பிடிக்கத் தொடங்கிவிட்டால் நான்கு. கணவனுக்கு வாய் நாற்றம் என்றால் மனைவி தனக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டு விலகலாம். அரண்மனைப் புலவனுக்கும் விதி உண்டு. படை கொள்ளையடித்து வரும்போது அவன் 'பிரிட்டனின் ஆட்சி' என்ற பாட்டைப் பாட வேண்டும். அரசி தன் அறையில் பாட்டுக் கேட்க விரும்பினால், கூடத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவில்லாமல் தணிந்த குரலில் பாட வேண்டும்.

சரி, என்னைக் கேட்டால் உண்மையான தொடக்கம் நெஸ்ட் என்ற பெண்தான். தெஹாய்பார்த்தின் மன்னர் ரீஸ் அப் டூடரின் மகள். 1093-ல் பிரெக்கன் அருகே நார்மன்கள் தந்தையைக் கொன்றார்கள். மகளுக்கு இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றியால் ஒரு பிள்ளை பிறந்தது. பெம்ப்ரோக் கோட்டையின் காவலர் வின்ட்சர் ஜெரால்ட் அவளை மணந்தார். 1109-ல் பொவிஸ் இளவரசன் ஓவைன் அப் கடுகன் இரவில் அவர்கள் தங்கியிருந்த கோட்டைக்குள் புகுந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனான். கணவனைக் கழிப்பறை வழியாகத் தப்பி ஓடச் சொன்னதே நெஸ்ட்தான் என்று வெல்ஷ் நாளாகமம் எழுதுகிறது. அவள் விரும்பிப் போனாளா என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள். அவளைக் கேட்டு எழுதியவர் யாருமில்லை. 1116-ல் அந்தக் கணவன் ஆட்களோடு வந்து ஓவைனைக் கொன்று கணக்கைத் தீர்த்தான். 1169-ல் அயர்லாந்துக்குள் முதலில் இறங்கிய நார்மன் தலைவர்களில் பலர் நெஸ்டின் மகன்களும் பேரன்களும்தான்.

நெஸ்டின் தம்பி மனைவி குவென்லியன். 1136-ல் கணவன் உதவி தேடி வடக்கே போயிருந்த நேரத்தில், தானே படை திரட்டிக் கிட்வெலி கோட்டையை நோக்கிப் போய்த் தோற்றுக் கொல்லப்பட்டாள். அந்த இடத்துக்கு இன்றும் குவென்லியன் வயல் என்று பெயர். அவளுடைய கடைசிப் பிள்ளைகளில் ஒருவன்தான் பின்னாளில் 'பிரபு ரீஸ்' என்று தென் வேல்ஸ் முழுவதும் பெயர் பெற்ற ரீஸ் அப் கிரிஃபித்.

பிரபு ரீஸ் 1176 கிறிஸ்துமஸுக்குக் கார்டிகன் கோட்டையில் ஒரு விழா எடுத்தார். வேல்ஸ், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து எங்கும் ஓராண்டுக்கு முன்பே பறையறைந்தாயிற்று. புலவர்களுக்கு ஒரு போட்டி, யாழும் குழலும் வாசிப்பவர்களுக்கு ஒரு போட்டி, வென்றவர்களுக்கு நாற்காலி. கவிதை நாற்காலியைக் குவினெத் புலவர்கள் கொண்டுபோனார்கள். இசை நாற்காலி ரீஸின் சொந்த அரண்மனைப் பையனுக்கே கிடைத்தது; நடுவர்கள் யாருடைய விருந்தைச் சாப்பிட்டார்கள் என்பதை யோசித்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். இன்று வேல்ஸில் ஆண்டுதோறும் நடக்கும் ஐஸ்டெட்வோட் விழாக்களுக்கு இதையே முன்னோடியாகச் சொல்கிறார்கள். இந்தப் பெரிய மனிதரின் முடிவு வேறு மாதிரி. ஆயரோடு மோதி, திருச்சபையிலிருந்து விலக்கப்பட்ட நிலையில் 1197-ல் இறந்தார். செய்த பாவத்துக்குப் பிணத்துக்குச் சாட்டையடி கொடுத்த பிறகே செயின்ட் டேவிட்ஸ் பேராலயத்தில் புதைக்க விட்டார்கள்.

இனி நெஸ்டின் பேரன், வேல்ஸின் ஜெரால்ட். சுமார் 1146-ல் மனோர்பியர் கோட்டையில் பிறந்தவர். அண்ணன்மார் கடற்கரை மணலில் கோட்டையும் அரண்மனையும் கட்டி விளையாடியபோது, தான் மட்டும் தேவாலயமும் மடாலயமும் கட்டியதாக அவரே எழுதியிருக்கிறார். தன்னைப் பற்றிப் பேசக் கிடைத்த எந்த வாய்ப்பையும் விட்டதில்லை மனிதர். தற்பெருமை, பொறாமை, வம்பு எல்லாம் உண்டு. ஆனால் கண் மட்டும் கூர்மை.

1188-ல் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவரான கான்டர்பரி பேராயர் பால்ட்வின் மூன்றாம் சிலுவைப் போருக்கு ஆள் சேர்க்க வேல்ஸைச் சுற்றி வந்தார். பிரெக்கனின் ஆர்ச்டீக்கன் (ஆயருக்கு அடுத்த நிலை மதகுரு) என்ற முறையில் ஜெரால்டும் கூடப் போனார். சுமார் 3,000 பேர் சிலுவை ஏற்றதாகக் கணக்கு. ஹேவர்ஃபோர்ட்வெஸ்டில் ஜெரால்ட் லத்தீனிலும் பிரெஞ்சிலும் பிரசங்கம் செய்தார். இரண்டும் புரியாத மக்கள் கண்ணீர் விட்டு அழுது முண்டியடித்துக்கொண்டு முன்வந்தார்களாம். சொன்னது அவரேதான், அதனால் பாதியை நம்பலாம். டைவி ஆற்றில் பீவர்கள் அணை கட்டி வாழ்வதை விவரிக்கிறார். வெல்ஷ்காரர்கள் பச்சை ஹேசல் குச்சியால் பல் துலக்கிக் கம்பளித் துணியால் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருப்பதையும், கூட்டமாகப் பாடும்போது எல்லாரும் ஒரே சுருதியில் பாடாமல் பல குரல்களில் பிரிந்து பாடுவதையும் எழுதுகிறார். எனக்குப் பிடித்த இடம் வடக்கே பாங்கரை நெருங்கும் ஒரு பள்ளத்தாக்கு. வழி செங்குத்து, குதிரையை விட்டு இறங்கி நடந்ததில் பேராயருக்கு மூச்சு வாங்கியது. காற்றில் சாய்ந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தார். பறவைச் சத்தம் கேட்டது. நைட்டிங்கேல் வேல்ஸுக்கு வருவதே இல்லை என்று யாரோ சொன்னார்கள். "அந்தப் பறவைக்குப் புத்தி இருக்கிறது, நமக்குத்தான் இல்லை, வந்தது மட்டுமில்லாமல் சுற்றி வேறு வந்துவிட்டோம்" என்றாராம் பேராயர்.

ஜெரால்டின் வாழ்நாள் ஆசை செயின்ட் டேவிட்ஸின் ஆயர் ஆவது. அதோடு, அந்த மறைமாவட்டத்தைக் கான்டர்பரியின் பிடியிலிருந்து விடுவித்து வேல்ஸுக்கென்று தனிப் பேராயம் ஆக்குவது. 1199 முதல் 1203 வரை இதற்காக மூன்று முறை ரோமாபுரிக்குப் போனார். பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ட்டிடம் மற்றவர்கள் பணத்தோடு போக, இவர் தான் எழுதிய ஆறு புத்தகங்களைக் கொண்டுபோய் வைத்தார். நடக்கவில்லை. நார்மன் ரத்தம் முக்கால் பங்கு, வெல்ஷ் ரத்தம் கால் பங்கு. இரண்டு பக்கமும் அவரை மற்றவன் என்றே பார்த்தது. வேல்ஸைப் பற்றிய அவருடைய நூலின் கடைசிப் பகுதியே இதற்குச் சாட்சி. வெல்ஷ்காரர்களை எப்படி வெல்வது என்று யோசனை சொல்கிறார்; அடுத்து, அப்படி வந்தால் அவர்கள் எப்படி எதிர்த்து நிற்பது என்று எதிர்ப்பக்கத்துக்கும் யோசனை சொல்கிறார். பென்காடர் என்ற ஊரின் முதியவர் ஒருவர் சொன்ன பதில் அந்த நூலின் முடிவில்தான் வருகிறது. வெல்ஷ் மக்கள் தாக்குப்பிடிப்பார்களா என்று இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி கேட்க, தீர்ப்பு நாளில் பூமியின் இந்த மூலைக்காகப் பதில் சொல்லப் போவது இந்த இனமும் இந்த மொழியும்தான் என்கிறார் அந்த முதியவர்.

மதகுருக்களில் இன்னும் சிலரை ஓரிரு வரியில் முடித்துவிடலாம். 11-ஆம் நூற்றாண்டின் சூலியன் செயின்ட் டேவிட்ஸின் ஆயர், பிள்ளைகுட்டிக்காரர். அந்தக் கால வெல்ஷ் திருச்சபையில் அது அதிசயமில்லை. அவர் மகன் ரிகவார்க் புனித டேவிட்டின் வாழ்க்கையை லத்தீனில் எழுதினார். நார்மன்கள் நாட்டைச் சூறையாடியதைப் பார்த்து ஒரு புலம்பலும் எழுதினார். ஆர்தர் கதையை ஐரோப்பா முழுக்கப் பரப்பிய மன்மத் ஜெஃப்ரி 1152-ல் செயின்ட் ஆசஃபின் ஆயரானார். வரலாறு என்ற பெயரில் எழுதிய பெரிய கற்பனைக்காரர். அவரைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

வடக்கே குவினெத்துக்கு வருவோம். ஓவைன் குவினெத் 1137 முதல் 1170 வரை ஆண்டவர். 1165-ல் இரண்டாம் ஹென்றியின் பெரும்படை பெர்வின் மலையில் மழையிலும் சேற்றிலும் சிக்கித் திரும்பி ஓட வேண்டியதாயிற்று. திரும்பிய ஹென்றி, தன் கையில் இருந்த பிணைக்கைதிகளின் கண்ணைப் பிடுங்கினார். ஓவைனின் மகன்களும் அதில் இருந்தார்கள். ஓவைன் தான் மணந்த தாய்மாமன் மகளை விலக்க மறுத்ததால் திருச்சபை அவரை விலக்கியது. அப்படியும் பாங்கர் பேராலயத்தில்தான் புதைத்தார்கள். 1188-ல் அங்கே போன பால்ட்வின், உடலை வெளியே எடுத்துவிடச் சொல்லிவிட்டுப் போனார் என்கிறார் ஜெரால்ட்.

ஓவைனின் மகன் ஹவெல்தான் இந்தப் பட்டியலில் என் செல்லம். தாய் அயர்லாந்துக்காரி. இளவரசன், தளபதி, கவிஞன். கிடைத்திருப்பவை எட்டுப் பாடல்கள். அரசவைப் புலவர்கள் கல்லும் இரும்புமாகப் புகழ்ப்பாட்டு அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில் இவன் எழுதியதைப் பாருங்கள். மெரியோனித் கரையைப் பிடிக்கும், மலையைப் பிடிக்கும், காட்டோரக் கோட்டையைப் பிடிக்கும், நீர் நிற்கும் புல்வெளியைப் பிடிக்கும், வெள்ளைக் கடற்காக்கைகளைப் பிடிக்கும், அங்குள்ள அழகான பெண்களையும் பிடிக்கும் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். தனக்கு வசப்பட்ட பெண்களை எண்ணிக் காட்டிப் பீற்றிக்கொள்வதும் அதே பாட்டில் உண்டு. தந்தை இறந்த அதே 1170-ல், ஆங்கிள்சியில் பென்ட்ராய்த் என்ற இடத்தில், மாற்றாந்தாய் பிள்ளைகள் டாவித்தும் ரோத்ரியும் அவனைக் கொன்றார்கள். சட்டம் கொடுத்த சமபங்கு இப்படித்தான் முடிந்தது.

அந்த நாளுக்கு ஒரு சாட்சி உண்டு. ஹவெலை வளர்த்த வீட்டின் மகன்கள் ஏழு பேர் அவனோடு நின்று போரிட்டார்கள். நான்கு பேர் அங்கேயே விழுந்தார்கள். மிஞ்சியவர்களில் ஒருவனான பெரிவ் அப் கெடிவோர் பாடிய இரங்கற்பா இருக்கிறது. நாங்கள் ஏழு பேராக இருந்தவரை, ஏழின் மும்மடங்கு வந்தாலும் எங்களைச் சீண்டத் துணியவில்லை. இப்போது ஏழில் மூவர்தான் என்கிறான். காசுக்குப் பாடும் புலவன் இல்லை அவன், தோளோடு தோள் நின்றவன். எத்தனையோ பேரரசர்களின் மெய்க்கீர்த்தியைவிட இந்தச் சில வரிகள் எனக்குக் கனமாகத் தெரிகின்றன.

ஓவைன் குவினெத்தின் இன்னொரு மகன் மடோக் கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போனான் என்று ஒரு கதை சுற்றுகிறது. அவன் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை. விட்டுவிடலாம்.

ஓவைனின் பேரன் லவெலின் அப் யோர்வெர்த், 'மகா லவெலின்'. சிற்றப்பன்மாரை ஒருவர் பின் ஒருவராக ஒதுக்கி, 1240-ல் இறக்கும்போது வேல்ஸின் பெரும்பகுதிக்குத் தலைவராக இருந்தார். இங்கிலாந்து மன்னர் ஜானின் மகள் ஜோனை மணந்தார். வெல்ஷில் அவள் சிவான். மாமனாருக்கும் மருமகனுக்கும் சண்டை மூண்டபோது நடுவில் தூது போய்ச் சமாதானம் பேசியவள் அவள்தான். 1230-ல் வில்லியம் டி ப்ரௌஸ் என்ற நார்மன் பிரபு அவளோடு படுக்கையறையில் பிடிபட்டான். லவெலின் அவனை ஊரறியத் தூக்கிலிட்டார். இதில் வியப்பு அடுத்து நடந்ததுதான். தூக்கிலிட்ட அந்த மனிதனின் மகளுக்கும் தன் மகன் டாவித்துக்கும் பேசி வைத்திருந்த கல்யாணத்தை லவெலின் நிறுத்தவில்லை. சம்பந்தம் சம்பந்தமாகவே நடந்தது. மனைவியையும் கொஞ்ச காலம் அடைத்து வைத்துவிட்டுத் திரும்ப ஏற்றுக்கொண்டார். 1237-ல் அவள் இறந்தபோது அவள் நினைவாக லன்வைஸில் பிரான்சிஸ்கன் மடம் ஒன்றை நிறுவினார். பிற்காலத்தில் அவளுடைய கல் சவப்பெட்டி குதிரைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியாகக் கிடந்தது. இப்போது போமாரிஸ் தேவாலயத்தில் இருக்கிறது.

லவெலினின் நாய் கெலெர்ட் கதையை நிறையப் பேர் கேட்பார்கள். குழந்தையைக் கொன்றுவிட்டதென்று நினைத்து நாயை வெட்டினார். பிறகு பார்த்தால் தொட்டிலுக்குக் கீழே குழந்தை பத்திரம், பக்கத்தில் செத்துக் கிடக்கும் ஓநாய். பெத்கெலெர்ட் ஊரில் கல்லறையே உண்டு. அந்தக் கல்லறையை 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுற்றுலாக்காரர்களுக்காக எழுப்பியவர் உள்ளூர் விடுதிக்காரர். கதை அதைவிடப் பல நூற்றாண்டு பழையது, ஊர் ஊராக நடந்து வந்தது. நமக்குத் தெரிந்த கீரியும் பார்ப்பனியும் கதைதான். பஞ்சதந்திரத்தில் இருக்கிறது, சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையில் கோவலன் துயர் துடைத்ததாக மாடலன் சொல்லும் பார்ப்பனியும் இந்தக் கீரியைக் கொன்றவளே.

லவெலின் பங்குச் சட்டத்தை உடைக்கப் பார்த்தார். மூத்த மகன் கிரிஃபித் மணவாழ்வுக்கு வெளியே பிறந்தவன். அவனை ஒதுக்கி, ஜோனின் மகன் டாவித்தை ஒரே வாரிசாக்கி, 1222-ல் பாப்பரசரிடமே ஒப்புதல் வாங்கினார். கிரிஃபித் கடைசியில் லண்டன் டவரில் கைதியானான். 1244 மார்ச் 1-ஆம் தேதி, துணிகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி ஜன்னல் வழியாக இறங்கினான். உடம்பு கனம், கயிறு அறுந்து விழுந்து செத்தான். இரண்டே ஆண்டில் டாவித்தும் வாரிசில்லாமல் இறந்தான். ஆக, ஒதுக்கப்பட்ட கிரிஃபித்தின் மகன்களுக்கே ராஜ்ஜியம் வந்தது.

அவர்களில் ஒருவர்தான் லவெலின் அப் கிரிஃபித், கடைசி இளவரசர். 1267 மான்ட்கொமரி ஒப்பந்தத்தில் இங்கிலாந்தே அவரை வேல்ஸின் இளவரசர் என்று ஒப்புக்கொண்டது. பத்தே ஆண்டில் முதலாம் எட்வர்ட் படையெடுத்து அதில் பெரும்பாலானதைப் பிடுங்கினார். 1282-ல் தம்பி டாவித் தொடங்கிய கலகம் முழுப் போராக வெடித்தது. பேராயர் பெக்கம் நடுவில் வந்து, குவினெத்தை விட்டுக்கொடுத்தால் இங்கிலாந்தில் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வருமானமுள்ள நிலம் கிடைக்கும் என்றார். மொழியும் வழக்கமும் தெரியாத ஒரு அந்நியனுக்கு ஸ்நோடோனியா மக்கள் தலைவணங்க மாட்டார்கள் என்று பதில் போனது. அவ்வாண்டு டிசம்பர் 11-ஆம் தேதி, பில்த் ஊருக்கு அருகே கில்மெரியில், தன் படையை விட்டு விலகியிருந்த நேரத்தில் லவெலினைக் கொன்றார்கள். கொன்றவனுக்கு முதலில் யாரைக் கொன்றோம் என்றே தெரியவில்லை என்பது மரபு. தலையை லண்டனுக்கு அனுப்பி, ஐவிக் கொடியால் கிரீடம் சூட்டி டவரில் செருகி வைத்தார்கள்.

எட்வர்ட் இதன் பிறகு செய்ததைத் தெரிந்துகொள்ளாமல் அவருடைய கோட்டைகளை மட்டும் பார்த்து வியப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. தம்பி டாவித்தை 1283 அக்டோபரில் ஷ்ரூஸ்பரியில் குதிரையில் கட்டி இழுத்து, தூக்கிலிட்டு, துண்டுதுண்டாக வெட்டினார்கள். டாவித்தின் சிறு மகன்களைப் பிரிஸ்டல் கோட்டையில் அடைத்தார்கள். அவர்களில் ஓவைன் என்பவனை இரவில் பூட்டி வைக்க இரும்புப் பட்டை போட்ட மரக்கூண்டு செய்யச் சொல்லி 1305-ல் எட்வர்டின் உத்தரவு இருக்கிறது. லவெலினின் ஒரே பிள்ளை குவென்லியனைப் பெற்றபோதே தாய் எலினோர் இறந்திருந்தாள். அந்தக் கைக்குழந்தையை லிங்கன்ஷையரின் செம்ப்ரிங்ஹாம் கன்னிமடத்தில் விட்டார்கள். 1337-ல் சாகும்வரை அவள் அங்கேயே இருந்தாள்.

புலவர்களுக்கு வருவோம். லவெலின் இறந்ததும் கிரிஃபித் அப் அர் அனட் கோக் பாடிய கையறுநிலைப் பாட்டு வெல்ஷ் மொழியின் உச்சிகளில் ஒன்று. நூறு வரிக்கும் மேல். எல்லா வரியும் 'ஔ' என்ற ஒரே ஒலியில் முடிகிறது. மார்புக்குள் நெஞ்சு அச்சத்தில் குளிர்ந்துபோனது என்று ஆரம்பம். நடுவில் கேள்விகள்: காற்றும் மழையும் போகிற போக்கைப் பார்க்கவில்லையா? ஓக் மரங்கள் ஒன்றோடொன்று மோதுவதைப் பார்க்கவில்லையா? கடல் நிலத்தைக் கொட்டுவதைப் பார்க்கவில்லையா? அப்புறம் வெட்டுண்ட அந்தத் தலை. தலை, தலை என்று வரிக்கு வரி அதே சொல்லில் தொடங்கி அடுக்குகிறார். மொழி தெரியாமலே ஒலிப்பதிவைக் கேட்டுப் பாருங்கள், மணி அடிப்பதுபோல் அந்த முடிவொலி விழுந்துகொண்டே இருக்கும். எட்வர்ட் வெல்ஷ் புலவர்களை எல்லாம் கொன்று குவித்தார் என்ற கதை மட்டும் பிற்காலத்தது, நம்ப வேண்டாம்.

உண்மையில் நடந்தது வேறு. இளவரசர்கள் போனதும் புலவர்களைப் போற்ற நிலக்கிழார்கள் வந்தார்கள். அவர்களில் பலர் ஆங்கிலேயருக்குக் கீழ் பதவி பார்த்தவர்கள். அப்படியொரு குடும்பத்தில், சுமார் 1315-ல், அபெரிஸ்ட்வித் பக்கம் பிறந்தவர் டாவித் அப் குவிலிம். ஏழசை வரிகள் இரண்டிரண்டாக எதுகை கட்டும் கவித் என்ற பாவகையை அவர் கையில் எடுத்த பிறகு அதுவே அடுத்த இரண்டு நூற்றாண்டுக்குக் கவிதை என்றாகிவிட்டது. கடற்காக்கையையும் காற்றையும் காதலிக்குத் தூது அனுப்பினார். மோர்வித் என்ற பெண்ணை வாழ்நாளெல்லாம் பாடினார்; அவள் வேறொருவன் மனைவி.

ஆனால் அவரை நேசிக்க வைப்பது அவர் தன்னையே கேலி செய்துகொள்வது. ஒரு பாட்டில் ஞாயிறுதோறும் லன்பாடர்ன் தேவாலயத்தில் பெண்களைப் பார்த்தபடி, பிடரியைக் கடவுளுக்குக் காட்டி நிற்கிறார். ஒருத்தி பக்கத்திலிருப்பவளிடம், அந்த வெளுத்த பையன், தங்கை கூந்தலைத் தலையில் வைத்திருப்பவன், பார்வையே சரியில்லை என்கிறாள். மற்றவள், அவனுக்கு ஜென்மத்தில் என்னிடம் பதில் கிடையாது, சனியன் தொலையட்டும் என்கிறாள். இன்னொன்றில் சத்திரத்தில் ஒரு பெண்ணுக்கு இறைச்சியும் விலை உயர்ந்த ஒயினும் வாங்கிக்கொடுத்து, எல்லாரும் தூங்கியதும் வருவதாகப் பேசி வைக்கிறார். இருட்டில் எழுந்து போகிறார். முட்டிக்காலில் முக்காலி இடிக்கிறது, நெற்றியில் மேசை இடிக்கிறது, பித்தளைத் தட்டம் உருண்டு கணகணக்கிறது, நாய்கள் குரைக்கின்றன. நாறும் கட்டிலில் ஒன்றாகப் படுத்திருந்த ஹிக்கின், ஜென்கின், ஜாக் என்ற மூன்று ஆங்கில வியாபாரிகள், ஒரு வெல்ஷ்காரன் மூட்டையைத் திருட வருகிறான் என்று கூச்சல் போடுகிறார்கள். கவிஞர் இருட்டில் பதுங்கி, இயேசுவையும் புனிதர்களையும் கும்பிட்டுத் தன் படுக்கைக்குத் திரும்புகிறார், அவள் இல்லாமல். நாடு பிடிபட்டு அரை நூற்றாண்டுக்குப் பிறகு இரு இனங்களும் ஒரே சத்திரத்தில் எப்படித் தூங்கின என்று தெரிந்துகொள்ள எந்த அரசு ஆவணத்தைவிடவும் இது மேல்.

இனி க்ளின்டூர். உங்களுக்குத் தெரிந்தவர் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1400 செப்டம்பர் 16-ஆம் தேதி, பக்கத்துப் பிரபு ரூதின் கிரேயோடு ஏற்பட்ட பகையில் தொடங்கி, வேல்ஸின் இளவரசராகத் தன்னை அறிவித்தார். 1401 புனித வெள்ளியன்று காவலர்கள் பிரார்த்தனைக்குப் போன நேரத்தில் அவருடைய உறவினர்களான டூடர் சகோதரர்கள் கான்வி கோட்டையைப் பிடித்தார்கள். 1402-ல் பிரின் கிளாஸில் வெற்றி. 1404-ல் மகன்லெத்தில் நாடாளுமன்றம். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த வெல்ஷ் மாணவர்கள்கூட ஊருக்குக் கிளம்பினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 1406-ல் பென்னலில் இருந்து பிரான்ஸ் மன்னருக்கு அவர் எழுதிய கடிதம். வேல்ஸுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் வேண்டும், செயின்ட் டேவிட்ஸ் தனிப் பேராயம் ஆக வேண்டும் என்று கேட்கிறார். 200 ஆண்டுக்கு முன் ஜெரால்ட் ரோமாபுரியில் தோற்ற அதே வழக்கு. 1409-ல் ஹார்லெக் கோட்டை விழுந்து மனைவியும் மகள்களும் பிடிபட்டார்கள். க்ளின்டூரை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, கல்லறையும் இல்லை.

அவர் வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் சகார்த் என்ற அந்த வீட்டைப் புலவர் யோலோ கோக் பாடிய பாட்டைப் படிக்க வேண்டும். நீர் நிறைந்த அகழி, ஓடு வேய்ந்த கூரை, புகைபோக்கி, ஆலை, புறாக்கூடு, மீன் குளம், மயில்கள், வெள்ளை ரொட்டி, ஷ்ரூஸ்பரி பீர். பூட்டும் தாழ்ப்பாளும் காண்பது அரிது. சகார்த்தில் பசியும் இல்லை, தாகமும் இல்லை என்கிறார். 1403-ல் பின்னாளைய ஐந்தாம் ஹென்றி அந்த வீட்டை எரித்துச் சாம்பலாக்கினார். இன்று அங்கே புல் மூடிய மேடு மட்டும்.

பெண் புலவர்கள் யாரும் இல்லையா என்று கேட்டால், 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொவிஸில் குவெர்வில் மெக்கைன். பெண்ணின் கண்ணையும் கூந்தலையும் பாடிவிட்டு முக்கியமானதை விட்டுவிடுகிறீர்களே என்று ஆண் புலவர்களைக் கேட்டு, அதையே பாடியவர். அடித்த கணவனைச் சபித்து நான்கு வரி எழுதியவரும், இயேசுவின் பாடுகளை உருகிப் பாடியவரும் அவரேதான். கண்ணியமான தொகுப்புகள் வெகுகாலம் அவரை வெளியே நிறுத்தின. அதே நூற்றாண்டில் லெவிஸ் க்ளின் கோத்தி, ஐந்து வயதில் இறந்த தன் மகன் ஷோனைப் பாடியது. பையனுக்குப் பிடித்தவை ஒரு இனிப்பு ஆப்பிள், ஒரு பறவை, வெள்ளைக் கூழாங்கற்கள், முள்மரக் கிளையில் செய்த வில், சட்டென்று ஒடியும் மரக்கத்திகள். சோளக்கொல்லைப் பொம்மைக்குப் பயப்படுவான். பந்து வேண்டும் என்று அம்மாவிடம் கெஞ்சுவான். இளவரசர்களுக்கு எழுதுவதற்கென்று வளர்ந்த அத்தனை யாப்பும் ஒலிக்கட்டும் அந்தக் குழந்தைக்காக வேலை செய்கிறது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். முதலில் ஜெரால்டின் பயண நூலை வாங்குங்கள், ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைக்கும். டாவித் அப் குவிலிமின் கவிதைகள் முழுவதையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு ஸ்வான்சி பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. சத்திரப் பாட்டைத் தேடி அதில் நுழையுங்கள். இளவரசர்களின் போர்க் கணக்கையும் ஒப்பந்தங்களையும் அதற்குப் பிறகு படித்தால் போதும்.